வேளச்சேரியில் நிகழ்காலம்

சென்னை வீடுகளில் வெகு காலமாக வழங்கிவரும் ஜெர்மன் சொல் ஒன்று உண்டு. அது ஜெர்மன் என்று அறியாமலே நம் பாட்டிமார்கள் அதைப் பிரயோகித்து வந்திருக்கிறார்கள். பொல்லாத பேரனைப் பார்த்து, "இவன் சரியான எம்டன்!" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்குக் கோடியிலுள்ள ஒரு சிறு துறைமுகப் பட்டணம். அதன் பெயரைத் தாங்கிய போர்க் கப்பல் 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு வீசிவிட்டுப் போயிற்று. கப்பல் அதே வருஷம் நவம்பர் மாதத்தில் அழிந்தது. பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அன்று ஜெர்மன் சொல் நம்மைத் தேடிக் கடல் கடந்து வந்தது. இன்று நம்மவர்கள் அதைத் தேடிக்கொண்டு போகிறார்கள். எங்கே என்று கேட்கிறீர்களா? பெர்லினுக்கு அல்ல, வேளச்சேரிக்கு!

மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரிக்குப் போகிறவர்கள் ஜனங்கள் 'பறக்கும் ரயில்' என்று அழைக்கும் வண்டியில் ஏறலாம். 2007-ஆம் வருஷத்தில்தான் இந்தப் பாதை வேளச்சேரியைத் தொட்டது. திருமயிலையை விட்டால் ஒன்பதாவது ஸ்டேஷன் வேளச்சேரி. மந்தைவெளி, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், திருவான்மியூர், தரமணி என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போது அடையாற்றின் நீர் ஒரு கணம் காட்சி தரும். பெருங்குடியை நெருங்கினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளாய்ப் பறவைகளும் தென்படும். இந்த அழகைக் காண வேண்டிய நேரத்தில் எதிர் ஆசனத்து இளைஞன் ஒருவன் ஒரு சிறு புத்தகத்தில் முகம் புதைத்து, "லெர்னெ, லெர்ன்ஸ்ட், லெர்ன்ட்" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பான். அவனை நம்பிப் பின்தொடரலாம். அவனும் வேளச்சேரியில்தான் இறங்குவான்.

வேளச்சேரி பழமையான ஊர். யமன் தான் இழந்த தண்டத்தை மீண்டும் பெற்ற ஸ்தலம் என்று புராணம் கூறும் தண்டீசுவரர் ஆலயம் இங்கே இருக்கிறது. அதன் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த ஏரி இன்று வீடுகளுக்கும் சாலைகளுக்கும் இடம் கொடுத்துச் சுருங்கிப்போய்விட்டது. ஆனாலும் தண்ணீர் தன் பழைய விலாசத்தை மறப்பதில்லை. 1915 அல்ல, 2015-ஆம் வருஷம் டிசம்பரில் இவ்வூர்த் தெருக்களில் படகு ஓடிற்று என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

ஊரின் மற்றொரு பக்கத்தில், கிண்டிக் காட்டை ஒட்டி, தொழில்நுட்பக் கழகத்தின் மதில் நீண்டு செல்கிறது. ஐ.ஐ.டி. என்று பெயர் பெற்ற அந்தக் கழகம் 1959-ஆம் வருஷம் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. இயந்திரங்கள் அங்கிருந்து கப்பலில் வந்தன, பேராசிரியர்களும் வந்தார்கள். எனவே, ஜெர்மன் பேச்சு வேளச்சேரிக் காற்றுக்கு முற்றும் புதிது என்று சொல்வதற்கில்லை.

தண்டீசுவரம் நகரில் ஒரு வீட்டின் மாடியில் மாலை வேளைகளில் நடைபெறும் சிறு வகுப்பில் சில வாரங்கள் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போதிப்பவர் ஓர் அம்மாள். மாணவர்கள் பத்துப் பேர். மேல்படிப்புக்குப் போக விரும்பும் இஞ்ஜினீயர்கள் நால்வர். அந்நாட்டின் பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது என்பதே அவர்களுடைய உற்சாகத்துக்குக் காரணம். ஆஸ்பத்திரி வேலையை எண்ணி வந்த நர்ஸுகள் மூவர். எழுபது வயதைக் கடந்த, ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையாத ஒரு பெண். பத்தாவது ஆசாமி நான்.

அந்தப் பெண்ணின் கணவர் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறார். சிலருக்கு விலக்கு உண்டென்றாலும், கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விரும்புகிற வெளிநாட்டார் பலர் முதற்படி ஜெர்மன் பரீட்சையில் தேறினால்தான் விஸா கிடைக்கும் என்ற விதி அந்நாட்டில் 2007-ஆம் வருஷம் முதல் இருந்து வருகிறது. நூற்றுக்கு அறுபது மதிப்பெண் வாங்க வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். பேசும் பகுதியில் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும்: பெயர், வயது, தேசம், ஊர், தெரிந்த பாஷைகள், தொழில், பொழுதுபோக்கு. இவ்வளவும் நிகழ்காலத்தில்! இறந்தகாலமும் எதிர்காலமும் தெரியாவிட்டாலும் பாதகமில்லை; நிகழ்காலம் தவறினால் ஸ்டுட்கார்ட் தவறிப்போகும். அந்தப் பெண் ஏன் எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சியில் உட்கார்ந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

நிகழ்காலத்தில் அப்படி என்ன இருக்கிறது? 'கற்றுக்கொள்' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். 'இஹ் லெர்னெ' என்றால் நான் கற்கிறேன். 'டூ லெர்ன்ஸ்ட்', நீ கற்கிறாய். 'ஏர் லெர்ன்ட்', அவன் கற்கிறான். 'வீர் லெர்னென்', நாங்கள் கற்கிறோம். 'ஈர் லெர்ன்ட்', உங்களில் பலரைச் சேர்த்து. 'ஸீ லெர்னென்', அவர்கள் கற்கிறார்கள். ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. இங்கிலீஷ் வழியாக வருகிறவன் இதைக் கண்டு மலைத்துப் போகிறான். அவனுக்கு 'நான்', 'நீ', 'நாம்' எல்லாவற்றுக்கும் ஒரே வினை. 'ஏன், ஆய், ஆன், ஓம்' என்று விகுதிகளைத் தாய்ப்பாலோடு குடித்த தமிழனுக்கு இதில் மலைக்க என்ன இருக்கிறது? உண்மையில் நமக்கு வேலை குறைவு. அவன், அவள், அது மூன்றுக்கும் ஜெர்மன் வினை ஒரே 'ட்' விகுதியோடு நின்றுவிடுகிறது.

சில வினைகளில் பகுதியே உருமாறும். வண்டியில் போவதற்கு 'ஃபாரெ' என்பவர்கள் முன்னிலையில் 'ஃபேர்ஸ்ட்' என்கிறார்கள். இஞ்ஜினீயர்கள் இதை அநியாயம் என்றார்கள். 'வா' என்னும் பகுதி 'வருகிறேன்' என்று குறுகியும் திரிந்தும் வருவதை மட்டும் நாம் அநியாயம் என்று சொன்னோமா? வேலை செய்வதைக் குறிக்கும் வினையில் 'அர்பைட்ஸ்ட்' என்று சொல்ல நாக்கு இடறும் என்று நடுவே ஓர் எகரத்தைச் செருகி 'அர்பைட்டெஸ்ட்' என்கிறார்கள். 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' ஆக்கியவர்கள் நாம். நமக்கா இது புரியாது?

எழுத்து விஷயத்திலும் ஒரு சௌகரியம் கண்டேன். 'கொம்மெ' என்றால் வருகிறேன். 'வோனெ' என்றால் வசிக்கிறேன். முன்னதில் குற்றொலி, பின்னதில் நெட்டொலி. ஹிந்தி எழுத்தில் குறில் எகர ஒகரங்களுக்குத் தனி இடம் இல்லை. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் பளிச்சென்று பிரிந்து நிற்கின்றன. நம் ஊர்ப் பெயர் மட்டும் அவர்களிடம் படாத பாடு படுகிறது. 'வி' எழுத்தை அவர்கள் பெரும்பாலும் 'ஃப' என்று வாசிப்பார்கள். வேளச்சேரி அவர்கள் வாயில் 'ஃபேல' என்று தொடங்கி எங்கே போய் முடியும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஸம்ஸ்கிருதம் அறிந்த பெரியவருக்கு வேறொரு சந்தோஷம். 'இருக்கிறான்' என்பதற்கு 'இஸ்ட்', 'இருக்கிறார்கள்' என்பதற்கு 'ஸின்ட்' என்று அம்மாள் பலகையில் எழுதியதும், "அஸ்தி, ஸந்தி!" என்று அவர் உரக்கக் கூவிவிட்டார். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான். ருக்வேதத்தை ஸாயண பாஷ்யத்தோடு 1849 முதல் 1874 வரை அச்சிட்டு வெளியிட்ட மாக்ஸ் முல்லர் ஜெர்மானியர். பாரத நாட்டில் ஒரு நாளும் கால் வைத்தவர் அல்லர். நுங்கம்பாக்கத்திலுள்ள ஜெர்மன் கலாசார நிலையம் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது. ஸம்ஸ்கிருதம் ஜெர்மனுக்கு ரத்த பந்து, தமிழ் அப்படியல்ல. ஆனால் பழக்க வழக்கங்களில் சில சமயம் பங்காளியைவிட அடுத்த வீட்டுக்காரர் நெருங்கியிருப்பதில்லையா?

ஒரு மாலை நடந்த விவாதம் இதைத் தெளிவாக்கியது. "எத்தனை நாளாக இங்கே வசிக்கிறாய்?" என்று அம்மாள் ஓர் இஞ்ஜினீயரைக் கேட்டார். பையன் மனத்துக்குள் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் அமைத்தான், அதிலுள்ள துணை வினைகளை ஒவ்வொன்றாக ஜெர்மனில் தேடினான், கிடைக்கவில்லை. 'இஹ் பின்' என்று தொடங்கி நின்றுவிட்டான். பெரியவர் திரும்பி, "தம்பி, தமிழில் சொல்லு பார்ப்போம்" என்றார்.

"பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன், சார்."

"இருக்கிறேன் என்று நிகழ்காலத்தில்தானே சொன்னாய்? அதையே அங்கேயும் வை."

'இஹ் வோனெ ஸைட் ட்ஸேன் யாரென் ஹீர்.' வாக்கியம் முடிந்தது. படிக்கிறேன், படித்துக்கொண்டிருக்கிறேன் என்ற இரண்டையும் ஜெர்மன் ஒரே நிகழ்காலத்தில் அடக்கிவிடும். 'நாளைக்கு வருகிறேன்' என்று எதிர்காலத்தையும் நிகழ்காலத்தில் சொல்லும் நமது வழக்கம் அவர்களிடமும் அப்படியே இருக்கிறது. நமது பள்ளிப் பிள்ளைகள் உலகத்துப் பாஷை எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் ஒன்றே வாசற்படி என்று நினைக்கிறார்கள். இந்த வீட்டுக்குத் தமிழ்ப் பக்கமாக ஒரு கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது.

எல்லாம் சுலபம் என்று நான் ஏமாற்றப் போவதில்லை. நமது வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். அவர்களுடைய வினை சாதாரண வாக்கியத்தில் இரண்டாவது ஸ்தானத்தை விட்டு அசையாது. இதற்குப் பழகுவதற்குள் தலை சுற்றிவிடும். 'ஏனென்றால்' என்று காரணம் சொல்லும்போது மட்டும் வினை ஓடிப்போய்க் கடைசியில் உட்காரும். அந்தப் பாடம் வந்த அன்று வகுப்பே பெருமூச்சு விட்டது. மழைக்கு 'எஸ் ரேக்னெட்' என்கிறார்கள். அந்த 'எஸ்', அதாவது 'அது', எது என்று கேட்டால் பதில் இல்லை. வேளச்சேரிக்காரர்களுக்கு மட்டும் இந்த வினையைச் சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம் கலந்துவிடுகிறது.

1706-ஆம் வருஷம் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஸீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், மணலில் எழுத்துப் பழகும் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து தமிழ் கற்றார். பத்து வருஷம் கழித்து, 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று. 'கிறேன், கிறாய், கிறான்' என்று அவர் அன்று பட்ட பாட்டைத்தான் நம் இளைஞர்கள் இன்று மறுபக்கத்திலிருந்து படுகிறார்கள்.

மரியாதை விஷயத்தில் ஒரு சிறு தகராறு ஏற்பட்டது. ஜெர்மனிலும் நீ, நீங்கள் உண்டு. 'டூ' என்பது நீ; 'ஸீ' என்பது நீங்கள். 'அவர்கள்' என்பதற்குரிய சொல்லையும் வினையையுமே மரியாதைக்காக முன்னிலையில் வைத்துக்கொண்டார்கள். வகுப்புத் தோழர்கள் 'டூ' என்றுதான் பேசிக்கொள்ள வேண்டும் என்றார் அம்மாள். நர்ஸுப் பெண்ணோ பெரியவரைப் பார்த்து 'டூ' என்று சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். "சுவாமியைக் கூட அவர்கள் 'டூ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்" என்று அம்மாள் சமாதானம் சொன்னார். "சுவாமியை நாமும் நீ என்றுதான் கூப்பிடுகிறோம், இவர் பெரியவர் ஆயிற்றே!" என்றாள் அவள். தர்க்கம் அவள் பக்கம் இருந்தது.

முதல் பெஞ்சிப் பெண் தினந்தோறும் தன் வாக்கியங்களை ஒப்பிப்பாள். 'இஹ் கொம்மெ அவுஸ் இண்டியென். இஹ் ஷ்ப்ரெஹெ தமிழ். இஹ் வோனெ இன் வேளச்சேரி.' பரீட்சையில் தேறினால் மூன்றாவது வாக்கியம் பொய்யாகிவிடும். அந்த இடம் வரும்போது அவள் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடிப்பதைக் கவனித்தேன். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

பெரியவருக்குப் பரீட்சை ஏதும் இல்லை. ம்யூனிக்கில் பிறந்து வளரும் ஐந்து வயதுப் பேரனுக்குத் தமிழ் புரியும். ஆனால் அவசரத்தில் ஜெர்மன்தான் வாயில் வரும். அதற்காகவே இவர் வந்து சேர்ந்திருந்தார். ஒரு நாள் வகுப்பின் நடுவே அவருடைய டெலிபோன் மணி அடித்தது. அம்மாள் பேசச் சொல்லி அனுமதி கொடுத்தார். "ஓப்பா, வன் கொம்ஸ்ட் டூ?" என்று குழந்தைக் குரல் மாடி முழுதும் கேட்டது. தாத்தா, நீ எப்போது வருகிறாய்?

பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "இஹ் கொம்மெ இம் மாய்." மே மாதம் வருகிறேன்.