முகமூடியும் மனத்துயரும்

பங்குப் பேரவைத் தலைவர் என்றதும் நம் உள்ளத்தில் ஓர் உருவம் எழுகின்றது. ஞாயிறு வழிபாட்டுக்குத் தவறாதவர். காணிக்கைக் கணக்கில் கறைபடாதவர். ஆலயச் சாவியை நம்பி ஒப்படைக்கத்தக்கவர். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரையொட்டிய லூத்தரன் ஆலயமொன்றின் சபைக்குழுத் தலைவனாயிருந்த டென்னிஸ் ரேடரும் அவ்வாறே காணப்பட்டான். மனைவியும் இரு பிள்ளைகளும் உண்டு. சாரணச் சிறுவர்க்கு வழிகாட்டியாகவும் இருந்தான். 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவனும் அவனே. 1985-இல் தன்னால் கொல்லப்பட்ட பெண்ணொருத்தியின் உடலை அதே ஆலயத்துக்குள் கொணர்ந்து ஒளிப்படம் எடுத்தான் என்று எழுதவும் கை கூசுகின்றது.

2005 பிப்ரவரியில் அவன் தொலைக்காட்சி நிலையமொன்றுக்கு அனுப்பிய ஃபிளாப்பி வட்டில் ஆலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் தடயமாய்த் தங்கியிருந்தன. பிடிபட்டான். நீதிமன்றத்தில் கொலைகளை அவன் விவரித்த குரல், பண்டகசாலைக் கணக்கை வாசிப்பவனின் குரலாகவே இருந்தது. கொல்லக் குறித்தவர்களை அவன் ‘திட்டங்கள்’ என்றான்.

இவனைப் பித்தன் என்று ஒதுக்கிவிட நமக்கு ஆசை. தடயவியல் உளவியலார் அதற்கு இடந்தருவதில்லை. பித்துப் பிடித்தவன் இல்லாததைக் காண்கிறான். இத்தகைய ஆளுமைக் கோளாறு உடையவனோ உள்ளதை உள்ளபடியே காண்கிறான், பிறர் துயர்தான் அவனைத் தொடுவதில்லை. ஹெர்வி க்ளெக்லி 1941-இலேயே இந்நிலையைத் தெளிந்த புத்தியின் முகமூடி என்றார். கனடாவின் ராபர்ட் ஹேர் வகுத்த பட்டியலில் 20 கூறுகள் உள்ளன. மொத்தம் 40 புள்ளிகளில் 30 வந்தால் ‘சைக்கோபதி’ என வட அமெரிக்காவில் கொள்வர். கைதியின் வாய்மொழியை மட்டும் நம்பி இதனை மதிப்பிடலாகாது. பழைய ஆவணங்களையும் படித்தாக வேண்டும். பொய்யும் வசீகரமும் அப்பட்டியலின் கூறுகளாயிற்றே!

டிசேல்ஸ் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை கேத்ரின் ராம்ஸ்லேண்ட், ரேடருடன் பல ஆண்டுகள் தொடர்பு கொண்டு 2016-இல் நூலொன்று வெளியிட்டார். ரேடர் தன் வாழ்வைக் கனசதுரத்துக்கு ஒப்பிட்டான். ஒரு முகத்தைக் காண்பவர் மறுமுகத்தைக் காணார். ‘வெளிவேடக்காரர்’ என்னும் நற்செய்திச் சொல் இங்கே போதவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. வேடக்காரன் தன் வேடம் கலையுமோ என உள்ளூர நாணுவான். இவனுக்கோ எல்லா முகமும் சொந்த முகமே.

நம்மை உறுத்துவது இனிமேல்தான். உளக் காரணிகள் ஒருவனது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இன் திருச்சபை மறைக்கல்வி கூறுகின்றது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு, தடயம் மறைத்து, காத்திருந்து கொன்றவனிடம் முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லை என எங்ஙனம் சொல்வது? மனத்துயர் பற்றியோ, திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் தெளிவாகவே உரைத்தது: ஆன்மத் துயர், செய்த பாவத்தின்மேல் வெறுப்பு, இனிச் செய்வதில்லை என்னும் உறுதி. கண்ணீரைச் சங்கம் கேட்கவில்லை. உணர்ச்சி வறண்ட உள்ளமும் சித்தத்தால் திரும்பக்கூடும் எனக் குருமடத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் மனத்துயர் செபத்தைப் பிழையின்றி, உரிய இடத்தில் குரல் தாழ்த்தி, சொல்லத் தெரிந்தவன் வந்து முழந்தாளிட்டால்? உளவியலாருக்கு ஆவணங்கள் உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் நமக்கு அவை இல்லை.

ரேடருக்குப் பத்து ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 175 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. கைதான பின்னரும் அவனுடைய சபைப் போதகர் சிறைக்குச் சென்று அவனைச் சந்தித்தார். அவருக்கும் அங்கே கேட்கக் கிடைத்தவை சொற்கள்தாம்.