பதநீர்க் கலயமும் பச்சை பாட்டிலும்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால். திண்டிவனத்தின் அந்தத் தெருவில் பால்காரர் வருவதற்கு முன்பே ஒரு பானட் திறக்கும் சத்தம் கேட்கும். பழைய மாருதி 800. ஆயில் ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிறகு பிரேக் ஆயில், பிறகு கூலன்ட், கடைசியாக நான்கு டயரையும் காலால் ஒரு தட்டு. அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்த கை. ஓய்வு பெற்ற பிறகும் 'டூட்டி' முடியவில்லை.

"ஏங்க, காருக்குப் பல்லு வெளக்கி முடிச்சாச்சுன்னா காபி குடிக்க வாங்க" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும். அதுவும் வாராவாரம் வருவதுதான்.

வார நாள்களில் அந்தக் கார் உறை போட்டுத் தூங்கும். சனிக்கிழமையானால் இருவரையும் ஏற்றிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடும். அரை நாளில் போய்த் திரும்பும்படியான இடம்தான். செஞ்சிக் கோட்டை, திருவக்கரை கல்மரப் பூங்கா, மயிலம் முருகன், மரக்காணம் உப்பளம். செஞ்சியை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அதற்குப் பல வருடங்கள் முன்பே இந்தத் தம்பதி அதன் அடிவாரத்தில் புளிசாதப் பொட்டலம் பிரித்துவிட்டார்கள்.

காருக்கு 15 வருடம் முடிந்து, ஆர்.சி-யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தும் ஆகிவிட்டது. "இதை வித்துட்டுப் புதுசு வாங்கலாமே?" என்று கேட்பவர்களுக்கு அவரிடம் நேரான பதில் கிடைக்காது. டயர் பாடம்தான் கிடைக்கும். "உங்க டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், பாத்திருக்கீங்களா? 2319-னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் தேயலைன்னு ஓட்டிட்டே இருப்பீங்க. ரப்பருக்கும் வயசாகும் சார்." கேட்டவர் வீட்டுக்குப் போய்க் குனிந்து பார்ப்பது நிச்சயம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் 50 செ.மீ அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. முதல் நாளே காரை மேடான இடம் பார்த்து நிறுத்திவிட்டார். தெரிந்தவர் ஒருவர் தண்ணீரில் நின்ற காரை 'ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்' என்று சாவியைத் திருப்பப் போக, போனிலேயே கத்தினார். "திருப்பாத! உள்ள தண்ணி போயிருந்தா இன்ஜின் ராடு வளைஞ்சிடும். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, இழுத்துட்டுப் போற வண்டியைக் கூப்பிடு." தண்ணீரைக் காற்றுபோல அழுத்த முடியாது, பிஸ்டன் மேலே வந்து அதில் மோதினால் இரும்புதான் வளையும். அவர் பேச்சைக் கேட்டதால் அந்த இன்ஜின் பிழைத்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், 2025 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மகன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினான்.

மகனுக்கு ஜெர்மனியில் வேலை. மூன்று வாரம் லீவில் வந்திருந்தான். அங்கே தனியாக இருக்கிற நாள்களில் பழகிய பொழுதுபோக்கு, வீட்டிலேயே பீர் தயாரிப்பது. பெட்டியில் நான்கைந்து ஈஸ்ட் பாக்கெட், ஒரு தெர்மாமீட்டர், ஒரு கட்டு லேபிள்.

"அப்பா, உங்களுக்கு இது ரொம்பப் புடிக்கும்ப்பா. எல்லாமே டெம்பரேச்சர், அளவு, சுத்தம். உங்க மெக்கானிக் வேலை மாதிரியேதான். அங்க வீட்டுக்குன்னு வருஷத்துக்கு 500 லிட்டர் வரைக்கும் பண்ணிக்கலாம், வரி கூட இல்ல."

"இங்க அரை லிட்டருக்கே உள்ள போவணும்" என்றார் அவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னது சரிதான். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு அரசே மதுக்கடை நடத்தினாலும், உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்தான். கள் இறக்கவும் 1987 முதல் தடை. இந்த முரண்பாட்டைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசிவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் அன்று பேச்சு சட்டத்தோடு நிற்கவில்லை.

"நான் சாராயமா காய்ச்சப்போறேன்? புளிக்க வெக்கிறது மட்டும்தான்ப்பா. அம்மா தெனம் இட்லி மாவு புளிக்க வெக்கலையா?"

"மரக்காணத்துல செத்துப்போனாங்களே, அவங்களுக்கு அப்பா இருந்திருக்கும்ல, புள்ளைங்க இருந்திருக்கும்ல."

2023 மே 13, சனிக்கிழமை. மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவ கிராமத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதே நேரத்தில் அதே கதை. இரண்டு மாவட்டங்களிலும் 20-க்கும் அதிகமானோர் இறந்துபோனார்கள். மறுநாள் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸுகளையும் அழுதுகொண்டு நின்ற பெண்களையும் கடந்துதான் இவர்கள் கார் வந்தது. அதன் பிறகு பல மாதங்கள் மரக்காணம் பக்கமே அவர் வண்டியைத் திருப்பவில்லை.

மகன் விடவில்லை. "அது தொழிற்சாலையில யூஸ் பண்ற மெத்தனால்ப்பா. தானியத்தைப் புளிக்க வெச்சா வர்றது எத்தனால். ரெண்டும் வேற வேற. யாரோ காசுக்கு ஆசைப்பட்டு கெமிக்கலைத் தண்ணியில கலந்து வித்துட்டாங்க."

இதுவும் சரிதான். மெத்தனால் உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பைத்தான் முதலில் குறிவைக்கிறது. பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போவது அதனால்தான். நிறத்திலோ வாசனையிலோ சாதாரணமாக வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

"அதைத்தான்டா நானும் சொல்றேன். குடிச்சவனுக்கு என்ன தெரியும்? பாட்டிலுக்குள்ள என்ன இருக்குதுன்னு வெளியில எழுதியா இருந்துது?"

பெட்டி மூடப்பட்டது. "காலையில சீக்கிரம் எழுந்திரு. ஒரு எடத்துக்குப் போவலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகள் வழிப் பேரனும் சேர, மறுநாள் காரில் நான்கு பேர். விழுப்புரம் சாலையில் வந்து, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி நெரிசலுக்கு முன்பே கிளம்பியதைப் பற்றி ஒருமுறை பெருமைப்பட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திருப்பினார். விக்கிரவாண்டி வட்டத்தில் நரசிங்கனூர், பூரிகுடிசை என்று பனை அடர்ந்த ஊர்கள் உண்டு. வழக்கமாக அவர் பதநீர் வாங்குகிற பனையேறி அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு சார், பையனா? ஃபாரின்ல இருக்கறவரா? வா தம்பி, இந்தப் பட்டையைப் புடி."

ஓலையை மடித்துச் செய்த பட்டையில் பதநீர் ஊற்றினார். பேரன் மூக்கு முட்டக் குடித்தான். மகனின் கவனம் கலயத்தின் மேல் போனது. உட்புறம் வெள்ளையாகப் பூசியிருந்தது.

"சுண்ணாம்பு தம்பி. இது இல்லேன்னா இறக்கறதுக்குள்ளயே பொங்க ஆரம்பிச்சிடும்."

பனம்பாளையைச் சீவினால் வடிகிற சாற்றில் சர்க்கரை தாராளம். காற்றிலும் பாளையிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்ட் அதைச் சும்மா விடாது. சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். சுண்ணாம்பு பட்டால் ஈஸ்ட் அடங்கிப்போகும். சாறு இனிப்பாகவே நிற்கும். சொல்லப்போனால், மகன் ஜெர்மனியில் தெர்மாமீட்டரும் கையுமாக வரவழைக்கப் பார்க்கிற ஒன்றை, இந்த மனிதர் நாள்தோறும் மரம் ஏறி வரவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறார்.

"எவ்ளோ சுண்ணாம்பு போடணும்னு எப்படிண்ணே அளக்கறீங்க?"

"அளவா? கூடிப்போனா நாக்கு சொல்லும், கொறைஞ்சுபோனா போலீஸ் சொல்லும்" என்று அவர் சிரித்தார். மகனும் சிரித்தான். முந்தின இரவுக்குப் பிறகு அப்பா முகத்தை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அங்கிருந்து மண்டகப்பட்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்த கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் அமைத்ததாக மன்னனே கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். பேரன், "இங்க மட்டும் சுண்ணாம்பு வேணாமா தாத்தா?" என்று கேட்டுவைத்தான்.

போகிற வழியிலேயே டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியிருந்தது. ஏ.சி-யை அணைத்து, மரத்தடியில் நிறுத்தி, பானட்டைத் திறந்துவிட்டார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கிற நீர் முகத்தில் பீறிடும். எல்லோரையும் கோயில் பார்க்க அனுப்பிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். ரேடியேட்டர் ஃபேன் ஃபியூஸ் போயிருந்தது. மாற்று ஃபியூஸ் டப்பாவில் தயாராக இருந்தது. குறைந்திருந்த கூலன்ட்டையும் டிக்கியிலிருந்து எடுத்து ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நிம்மதியாகக் கையைத் துடைத்தார். மிச்சத்தை அவசரத்தில் பின்சீட்டின் மேல் வைத்ததை அவர் கவனிக்கவில்லை.

வெயிலில் ஓடிவந்த பேரன் பின்கதவைத் திறந்தான். சற்று நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு மகனிடம் வந்தான்.

"மாமா, இந்த ஜூஸைத் தொறந்து குடு. மூடி டைட்டா இருக்கு."

உள்ளே பளிச்சென்ற பச்சை.

மகன் பாட்டிலை வாங்கிக்கொண்டான். மூடியைத் திருகவில்லை. பையனின் உதட்டையும் கையையும் முகர்ந்து பார்த்தான். "குடிச்சியாடா? ஒரு சொட்டாவது?" இல்லை என்று தலையாட்டினான் பையன். மாமாவின் முகத்தைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

போன மாதம் வாங்கிய கூலன்ட்டில் மிஞ்சியதை, கேன் இடத்தை அடைக்கிறதென்று காலி பாட்டிலில் ஊற்றி வைத்தவர் அவரேதான். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். அது இனிக்கும், குழந்தை துப்பாது. சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மெத்தனாலுக்கு மருத்துவமனையில் தருகிற அதே மாற்று மருந்தைத்தான் இதற்கும் தருகிறார்கள். இரண்டு விஷமும் உடம்பில் மாறுகிற வழி ஒன்றுதான். குழந்தை எதையாவது இப்படிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சோடா, ஜூஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய், ஆசிட், பெயின்ட் தின்னர் வைக்கிற எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும். அப்படி வைக்காத வீடு நம்மில் எத்தனை?

மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'வெளியில எழுதியா இருந்துது?' என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்தான் திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தார். திண்டிவனம் பாலம் தாண்டும்போது, "முப்பது வருஷம் பணிமனையில எல்லா கேனுக்கும் பேர் எழுதி வெச்சவன்டா நான்" என்றார். பின்சீட்டில் பேரன் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை மகன் தன் அட்டைப் பெட்டியைத் திறந்து லேபிள் கட்டை எடுத்து வந்தான். பீர் எந்த நாளில், என்ன சேர்த்துப் போட்டது என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி ஒட்டுவதற்காக வைத்திருப்பவை. அப்பா ஷெட்டில் இருந்ததையெல்லாம் தரையில் பரப்பினார். கூலன்ட் அதன் சொந்த கேனுக்குத் திரும்பியது. பிரேக் ஆயில், பேட்டரிக்கான டிஸ்டில்டு வாட்டர், கிரீஸ் நீக்குகிற திரவம் என்று அவர் சொல்லச் சொல்ல மகன் பெயரும் தேதியும் எழுதினான். எழுதியதை எல்லாம் பையன் கைக்கு எட்டாத பரணில் ஏற்றினார்கள். இரண்டு பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, சிவப்பு மையில் 'விஷம்' என்று மட்டும் எழுதச் சொன்னார்.

பெட்டியில் மிச்சம் இருந்தது ஈஸ்ட் பாக்கெட்டுகள். அதில் ஒன்றை எடுத்துப் பார்த்த அம்மா, "இது மாவு புளிக்குமாடா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் ஆப்பம். ஓரம் முறுகலாகவும் நடுவில் பஞ்சாகவும் வந்திருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி மூன்றாவதைச் சாப்பிடும்போது அவர் கேட்டார்:

"எத்தனை டிகிரியில வெச்சடா?"

மகன் தெர்மாமீட்டரை எடுக்க எழுந்தான்.