பின்குறி ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தால்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள் மக்களே.

அருமனை, களியல், கடையாலுமூடு பக்கம் மரச்சீனி நட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ராத்திரியில் ஒரு விளை முழுக்கக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காக யாரும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வேட்டையாடுவது குற்றம். கேரளத்தில் 2022-இல் ஒரு வழி செய்தார்கள். விளைச்சலை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்தான் சுடலாம். விஷம், வெடி, மின்கம்பி எதுவும் கூடாது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் அறிவித்த முறை வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளறடா அருகே குடியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் போனில் கூப்பிட்டார். அப்பா காலத்து ரைபிள், உரிமம் அவர் பெயருக்கு மாறியிருக்கிறது. பஞ்சாயத்தில் பன்றி சுடுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரும் உண்டு. ஜீப்பில் கொண்டுபோகும்போது துப்பாக்கி சரிந்து விழுந்து, பின்குறியில் அடி பட்டுவிட்டது. சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தால் குண்டு வலப்பக்கம் போகிறது.

"சாறே, இத எந்தப் பக்கம் தட்டணும், எவ்வளவு தட்டணும்?" என்று கேட்டார்.

துப்பாக்கிக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கணக்கு வாத்தியாரிடம் கேட்கிறாரே என்று தோன்றலாம். ஆனால் இது கணக்குதான். உங்களில் பலர் வடிவொத்த முக்கோணம் எதற்கு என்று முனகியபடியே படித்தவர்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

குழாயின் நுனியில் நிற்கும் சின்னத் தகடு முன்குறி. கண்ணுக்குப் பக்கத்தில் பள்ளம் வெட்டிய தகடு பின்குறி. என்.சி.சி.யில் இருந்தவர்கள் ஃபோர்சைட், பேக்சைட் என்பீர்கள். பள்ளத்தின் நடுவில் முன்குறி நிற்க வேண்டும், இரண்டின் தலையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், அதன் மேல் இலக்கு உட்கார வேண்டும். பின்குறி வலப்பக்கம் நகர்ந்துவிட்டால், இந்த மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர நாம் அறியாமலே குழாயின் நுனியை வலப்பக்கம் திருப்பிவிடுவோம். குண்டும் வலப்பக்கம் போகும். ஆகவே விதி இது: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்து, முன்குறி என்றால் அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்து. உயரத்துக்கும் அதேதான். குண்டு கீழே விழுந்தால் பின்குறியை உயர்த்தலாம், இல்லை முன்குறியைத் தாழ்த்தலாம்.

இனி எவ்வளவு என்பது. அவர் துப்பாக்கியில் இரண்டு குறிகளுக்கும் இடையே 50 செ.மீ. இலக்கு 50 மீட்டர் தூரத்தில், அதாவது 5000 செ.மீ. குண்டு விலகியது 15 செ.மீ. சின்ன முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை. 15-ஐ 50-ஆல் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 0.15 செ.மீ. ஒன்றரை மில்லிமீட்டர்! ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் கனம்கூட வராது. அதே பிழை 100 மீட்டரில் 30 செ.மீ. ஆகிவிடும். பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதல்ல. ஆக, நடுவில் குறிவைத்தாலும் குண்டு வயிற்றிலோ தொடையிலோ போய்ப் படலாம்.

"அப்போ ஒரு சுத்தியல எடுத்து ஒன்றரை மில்லி தட்டிரட்டா சாறே?" என்றார். பொறு மக்களே என்றேன்.

முதலில் சுட்டது எத்தனை குண்டு? ஒன்று என்றார். ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேசையில் மணல்மூட்டை வைத்து, துப்பாக்கியை அதில் தாங்கி, ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு சுட வேண்டும். மூன்று துளையையும் கோடு போட்டு இணைத்தால் முக்கோணம். அதன் நடுக்கோட்டு மையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்துதான் விலகலை அளக்க வேண்டும். மூன்றும் மூன்று திசையில் சிதறியிருந்தால் குறியைத் தொடவே கூடாது. குறி ஆடுகிறதா, மரக்கட்டையின் திருகாணி தளர்ந்திருக்கிறதா, சுடுகிறவர் கை நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் அனுமதி உள்ள சுடுதளத்தில்தான் செய்ய வேண்டும். ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் குறிவைத்துச் சோதிக்கிற வேலை ஆகாது. ரைபிள் குண்டு தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

இரண்டாவது, தட்டுகிறவர் யார்? பக்கத்து லேத் பட்டறையில் நிமிடத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்களாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே வேலை தெரிந்தவர் என்ன செய்வார்? முதலில் குண்டு இல்லை என்று பார்ப்பார். பின்குறி இருந்த இடத்தைக் கூர்மையான பென்சிலால் கோடிட்டுக்கொள்வார். பல துப்பாக்கிகளில் குறித்தகடு, மேலே குறுகி அடியில் அகன்ற ஒரு பள்ளத்தில் இறுக்கமாகச் செருகியிருக்கும், ஆசாரி பெட்டி மூலையைப் பூட்டுவதுபோல. அதில் பித்தளைக் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். பித்தளை இரும்பைக் காயப்படுத்தாது. அடிபட்டு வளைந்த தகடென்றால் நிமிர்த்தப் பார்க்காமல் புதிதாக மாற்றுவதே நல்லது. உயரம் சரிசெய்ய முன்குறியை அராவுவதும் உண்டு. அரம் தின்ற இரும்பு திரும்ப வராது. கொஞ்சம் அராவி, சுட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம் என்றுதான் போக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் பார்த்திருப்பீர்களே பழைய 303 ரைபிள், அதற்கு வெவ்வேறு உயரத்தில் முன்குறித் தகடுகளே உண்டு. பட்டாளத்தில் ஆயுதம் பழுதுபார்ப்பவர் பொருத்தமானதை எடுத்துப் போடுவார்.

மூன்றாவது, கண். அவருக்கும் ஐம்பது நெருங்குகிறது, வெள்ளெழுத்து வந்தாச்சு. பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பதால் எந்தக் கண்ணாலும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முன்குறி தெளிவாக இருக்க வேண்டும். மற்ற இரண்டும் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. முன்குறியே மங்கினால் கண் டாக்டரிடம் அந்தத் தூரத்தைச் சொல்லிக் கண்ணாடி வாங்க வேண்டும். துப்பாக்கியைத் திருத்தி என்ன பயன்?

இதற்கிடையே பஞ்சாயத்திலிருந்து அவரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பக்கத்து விளைக்காரர் வாழை போட்டு நஷ்டப்பட்டவர், கோபத்தில் ஏதோ சொல்லியும் விட்டாராம். துப்பாக்கி கடையிலிருந்து வந்து, மூன்று குண்டும் ஒரு தட்டுக்குள் விழுந்த பிறகே வருவேன் என்று சொல்லிவிட்டார் நம்மாள். அவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் மக்களே, தப்பிப்போன பன்றி ஓடிவிடும். காயம்பட்ட பன்றியோ அப்படியல்ல. ரப்பர் மூட்டுப் புதரில் ரத்தம் ஒழுகப் படுத்துக் கிடக்கும். அதன் வேதனை ஒருபக்கம். மறுபக்கம், விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அந்தப் புதர்ப் பக்கம்தான் அவர்களும் மரம் மரமாக நடந்துபோவார்கள்.