எதிர்க்கரை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டில் எந்தப் பேச்சு என்பது பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தமிழ். அடுத்த வீட்டில் தெலுங்கு, அவர்கள் பத்மசாலியர். அந்த வீட்டு அத்தை தெலுங்கில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானம் ஆவாள். தேவாங்கரில் தெலுங்குக்காரர்களும் உண்டு, கன்னடக்காரர்களும் உண்டு. விஜயநகர ராயர்கள் காலத்தில் வடக்கேயிருந்து இறங்கி வந்தவர்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார், ஏதோ போன மாதம் வந்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

நாங்கள் செங்குந்தர். பழைய கல்வெட்டுகளில் கைக்கோளர். முருகனோடு சூரனை எதிர்த்துப் போன நவவீரர்களின் வழி என்று எங்கள் கதை. பத்மசாலியருக்கு மார்க்கண்டேயரும் பாவனா ரிஷியும். தேவாங்கருக்குத் தேவல முனிவர்; தேவர்களுக்கு ஆடை நெய்து கொடுத்தவர் அவர். தேவாங்கரின் தாய்த் தெய்வம் சௌடேஸ்வரி. அவளை அழைத்து வரும்போது வீரகுமாரர்கள் கத்தியால் மார்பில் அடித்துக்கொள்வார்கள். முதல் துணியை நெய்தது யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ராட்டையில் தார் சுற்றியிருக்கிறேன். எதுவும் எதோடும் இடித்ததில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் கிடையாது. அந்த விஷயத்தில் தெருவே மிகத் தெளிவாக இருந்தது.

தறியில் அந்தத் தெளிவு செல்லாது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவராக அத்தனையையும் ஓட்ட முடியாது; எதிர்க்கரையில் ஒருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்து நாடாவைக் கோத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்தவன் அடுத்த வீட்டுப் பையன். என் வயதுதான். அப்பா தமிழில் திட்டுவார், அவன் தெலுங்கில் முணுமுணுப்பான், கரை நேராக வரும்.

நான் பள்ளிக்கூடம் போனேன், அவன் போகவில்லை. அந்தக் காலத்துத் தறிகளில் எதிர்க்கரை பெரும்பாலும் சின்னக் கைகளுக்குத்தான் விடப்பட்டது. காஞ்சிப் பட்டின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நெசவாளி என்றால் ஏழை என்றே நினைத்து வளர்ந்த எனக்கு, உத்தம சோழனின் செப்பேட்டைப் பற்றிப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அன்றைய காஞ்சியான கச்சிப்பேட்டின் நான்கு சேரி நெசவாளரிடம் ஊரகத்துக் கோயிலின், இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், நிர்வாகப் பொறுப்பு கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது. கோயில் கணக்கு எங்கள் கையில்! தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பார். அவர் பெருமையெல்லாம் 1909-இல் எங்கள் ஊர் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாவோடு நின்றுவிட்டது.

ஒருமுறை எத்தியோப்பியாவைப் பற்றிய படம் ஒன்று பார்த்தேன். தெற்கே மலைமேல் தோர்சே என்றொரு சனம். அவர்களுக்குத் தனிப் பேச்சு. பெண்கள் பஞ்சு நூற்க, ஆண்கள் நெய்கிறார்கள். பலர் தலைநகர் ஆடிஸ் அபாபாவுக்குப் பிழைக்க வந்து, அம்ஹாரிக் பேசும் ஊருக்கு நடுவில் தறி போட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பருத்தியில் வண்ணக் கரை. அவர்களுடையதும் குழித்தறிதான். குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்த அந்த மனிதரைப் பார்த்ததும் என் கண் தானாக அவருக்கு எதிர்ப்பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை. அவர் தறிக்கு ஒருவர் போதும்.

எங்கள் தறிக்குத்தான் போதாது. இத்தனை சாமி, இத்தனை பேச்சு வைத்துக்கொண்டு ஒரே தெருவில் பிழைத்ததற்கு எங்கள் பெருந்தன்மை காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கோர்வைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அடுத்த வீட்டில் இருந்தான்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் எதிர்க்கரைக்கு ஆள் கிடைப்பதில்லை. சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது நியாயம். பெரியவர்கள் வருகிற அளவுக்குக் கூலி ஏறவில்லை என்பதுதான் அநியாயம். கோர்வையே இல்லாமல் நெய்வது பெருகிவிட்டது. சாதிச் சங்க பேனர்கள் மட்டும் வருடத்துக்கு வருடம் அகலமாகின்றன.

எதிர்க்கரையில் உட்கார்ந்தவனின் மகனும் என் மகனும் இப்போது ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போகிறார்கள். இரண்டு பேரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காருகிறார்கள். ஆனால் ஒருவன் கை நின்றால் மற்றவன் வேலை நிற்காது.