பத்து மணி நேரக் கணக்கு

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கும் டயர் கடைகளுக்கும் நடுவே இருக்கிறது அந்த பேட்டரி கடை. உள்ளே போனதுமே ஆசிட் வாடை தொண்டையைக் கரகரக்க வைக்கிறது. மரப்பலகைமேல் பேட்டரிகள் மூடி கழற்றி வைக்கப்பட்டு, சிவப்பு கறுப்பு வயர்களோடு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

லாரி ஓட்டுநர் ஒருவர் இரண்டு பேட்டரிகளை இறக்கினார். “செல்ஃப் எடுக்கலீங்ணா. ஒரு மணி நேரத்துல ஏத்திக் குடுத்தீங்கன்னா லோடுக்குப் போயிருவேன்.”

கடைக்காரர் சார்ஜர் பக்கமே போகவில்லை. ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சிப் பார்த்தார். முதல் பேட்டரியில் ஆறு செல்லும் 1150 காட்டின. இரண்டாவதில் ஐந்து அப்படியே. ஒன்றில் மட்டும் மிதவை எழும்பவே இல்லை. “இதுல ஒரு செல்லு போயிருச்சுங்க. எத்தனை மணி நேரம் போட்டாலும் நிக்காது.”

சார்ஜ் போடுவதற்கு முன்னால் நடக்கும் இந்தச் சோதனைதான் தொழிலின் உயிர் என்பேன். பேட்டரி மின்சாரம் கொடுக்கக் கொடுக்க, இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. அதனால் ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியைப் பார்த்தாலே மிச்சமிருக்கும் சார்ஜ் தெரிந்துவிடும். நிறைந்த பேட்டரி 1250-க்கு மேல் காட்டும். 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே செய்த ஈய பேட்டரியின் அடிப்படை இன்றும் இதுதான். இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் அந்தப் படிவு இறுகிவிடும். “வெள்ளை பூத்துருமுங்க, அப்புறம் ஏறாது” என்றார் கடைக்காரர்.

ஒரு மணி நேரம் ஏன் போதாது? கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது இவர்கள் கணக்கு. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 15 ஆம்பியர், 10 மணி நேரம். இழப்பையும் சேர்த்தால் 12. வேகமாக ஏற்றினால் சூடாகித் தகடு நெளியும், பூச்சு உதிர்ந்து அடியில் தேங்கும், கடைசியில் ஷார்ட். நிறையும் சமயத்தில் ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. சார்ஜரை அணைக்காமல் கிளிப்பைக் கழற்றக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். கடைக்குள் பீடியும் கூடாது.

மூடியே இல்லாத மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரிகள் வந்தபின் ஹைட்ரோமீட்டருக்கு வேலை குறைந்துவிட்டது. சில மணி நேரம் ஓய்வில் வைத்து வோல்டேஜ் பார்க்கிறார்கள்: 12.6-க்கு மேல் என்றால் நிறைவு, 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. ஆசிட்டைக் கண்ணாடியிழைப் பாயில் ஊறவைத்த ஏஜிஎம் வகை அளவுக்கு மீறி ஏற்றினால் வறண்டுவிடும். திரும்ப நீர் ஊற்ற வழியில்லை. ஜெல் வகை அதைவிடக் குறைந்த வோல்டேஜைத்தான் தாங்கும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியை அவர் தொடுவதே இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் வோல்டேஜ் வரம்பு உண்டு, அதற்கென்று வந்த சார்ஜர்தான் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். வருமானம் போனாலும் பரவாயில்லை என்கிற அந்த நிதானத்தை மதிக்கிறேன்.

உதவிக்கு இருக்கும் தம்பியின் சட்டையெல்லாம் ஆசிட் பொத்தல்கள். ஆசிட் தெறித்தால் தரையில் ஊற்ற ஆப்பசோடா கரைசல் வாளியில் தயாராக இருக்கிறது. கையுறையோ ஆணியில் தொங்குகிறது. டெர்மினலில் இருந்து சுரண்டிய தூள் விரலில் ஒட்டியிருக்க, டீ கிளாஸை வாங்கப் போனான். “சோப்பு போட்டுக் கழுவிட்டு வாடா” என்று கடைக்காரர் அதட்டினார். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தூள் சட்டையோடு வீட்டுக்கும் போகும், குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளாமல் இங்கே யாரும் நிற்கக் கூடாது. வாங்கித் தருவதோடு முதலாளியின் பொறுப்பு தீராது. போட வைக்கவும் வேண்டும்.

ஓட்டுநர் ஒரு பேட்டரி மட்டும் புதிதாகக் கேட்டார். லாரிக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்து 24 ஆக்குகிறார்கள். பழையதோடு புதியதைச் சேர்த்தால் இரண்டுக்கும் சமமாக சார்ஜ் ஏறாது, புதியதும் சீக்கிரம் கெடும். “ரெண்டையும் சேத்து மாத்துங்க. கையில பணம் இல்லீன்னா இப்போதைக்கு ஸ்பேர் ரெண்டு வாடகைக்குத் தர்றேன், லோடை முடிச்சுட்டு வாங்க.” ஓட்டுநர் அதற்கு ஒப்புக்கொண்டு ஸ்பேர்களை ஏற்றிக்கொண்டார். நல்லதாக இருந்த பழைய பேட்டரியைத் தம்பி பலகையில் வைத்து, இந்த முறை கையுறை மாட்டிக்கொண்டு, 15 ஆம்பியரில் போட்டான்.