பறிக்காவிட்டால் மரம்

நாசரேத்தில் பிறந்தவனுக்கு மலை என்பது மேற்கே, வானம் தெளிந்த நாளில் மட்டும் தெரிகிற ஒரு நீலக் கோடு. காலடியில் இருப்பதெல்லாம் செம்மண் தேரியும் பனையும்தான். எங்கள் பக்கம் முன்பெல்லாம் பதநீரும் கருப்பட்டிக் காப்பியும்தான் குடிப்பார்கள். தேயிலை பிறகு வந்தது. வந்தது போகவில்லை. இன்று விடியும் முன்பே ஊரில் முதலில் எரிகிற அடுப்பு, டீக்கடை அடுப்பு.

அந்த இலையைச் செடியில் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்கு ஊட்டிக்கும் மூணாறுக்கும் போகவேண்டியதில்லை. எங்கள் தாமிரபரணி இறங்கி வருகிற மலையிலேயே மாஞ்சோலை இருக்கிறது. என் மனைவிக்குத் தெரிந்த ஒரு பெண் நாசரேத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். அவள் அம்மா நாலுமுக்கு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். ''ஒரு தடவ வந்துட்டுப் போங்கண்ணே'' என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். 2008 ஜூனில் கிளம்பிவிட்டேன்.

முதலில் திருநெல்வேலி. அங்கிருந்து பஸ். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டுகளோடு ஒரு கூட்டம் ஏறியது. மணிமுத்தாறு அணையைத் தாண்டி வனத்துறை செக்போஸ்ட். அதற்கு மேல் பஸ்ஸில் வெளியாள் நான் ஒருவன்தான். மற்ற எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. யார் வீட்டு மூட்டையை எந்த வளைவில் இறக்கவேண்டும் என்பது கண்டக்டருக்கு மனப்பாடம்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள். தமிழ்நாட்டில் அதிகம் மழை பெய்யும் இடங்களின் பட்டியலில் நாலுமுக்கும் ஊத்தும் அடிக்கடி வரும். நான் இறங்கியபோதும் தூறல். ஐந்து நிமிஷத்தில் காலில் இரண்டு அட்டை. அந்த அக்கா சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகை உப்பை வைத்தார். சுருண்டு விழுந்தது.

''உங்க ஊர்ல மணல் சுடும், எங்க ஊர்ல இது கடிக்கும். அம்புட்டுதான் தம்பி.''

காலையில் அவரோடு பெரட்டுக்களத்துக்குப் போனேன். பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்துவிடும் இடம். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகச் சரிவில் ஏறினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம். கிட்டே போனால் ஒவ்வொரு செடியின் அடியும் முறுக்கேறிய கட்டை. எல்லாம் ஒரே உயரத்துக்கு, இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்தப்பட்டவை. இரண்டு இலை, ஒரு மொட்டு என்று எடுப்பார்கள். நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து.

''இத செடின்னு நெனைக்காதீங்க. மரம் இது. நாங்க பறிக்கிறதால செடியா நிக்கி. பத்து வருஷம் விட்டுப் பாருங்க, ஏணி போட்டுத்தான் ஏறணும்'' என்றார் அக்கா.

உண்மைதான். தேயிலை பிறந்த சீனாவில், யுன்னான் மலைக் கிராமங்களில் பல நூறு வருஷத்துத் தேயிலை மரங்கள் இருக்கின்றன. பெண்கள் கிளையில் ஏறி நின்று கொழுந்து பறிக்கிறார்கள். பனையேறிகள் ஊர்க்காரனான எனக்கு அதைப் படித்தபோது சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

மாஞ்சோலையின் கதை 1929-ல் தொடங்குகிறது. சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேலான காட்டை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. 1919-ல் சென்னையில் நடந்த ஒரு கொலை வழக்கில் ஜமீன் வாரிசு சிக்கியதால் வந்த கடன்தான் காரணம் என்று அந்தப் பக்கம் இன்றும் கதை சொல்வார்கள். காட்டை வெட்டி, செடி நட, சமவெளியிலிருந்து ஆட்கள் ஏறினார்கள். அக்காவின் மாமனார் அப்படி வந்தவர். ''இந்த மேட்டுல பாதி அவரு நட்டது'' என்று கையைக் காட்டினார்.

அன்று ராத்திரி லயத்தில் தங்கினேன். வரிசையாக ஒட்டிய வீடுகள். வாசலில் ரோஜாத் தொட்டி, சுவரில் மகளின் நர்சிங் போட்டோ. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி அப்போது வீடு கம்பெனி கொடுக்கவேண்டியிருந்தது. வேலை போனால் வீடும் போகும்.

''58 வயசாச்சுன்னா சாவியக் குடுத்துட்டு எறங்கணும். உங்க ஊர்ல மரம் ஒருத்தருது, ஏறுறவரு வேறொருத்தரு. ஆனா ராத்திரி படுக்கது அவரு வீட்டுலதான? எங்களுக்கு வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாவி தம்பி.''

1999 ஜூலை 23 பற்றி அவரே பேச்செடுத்தார். கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலியில் ஊர்வலம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் தடியடி. தாமிரபரணிக்குள் ஓடியவர்களில் 17 பேர் பிணமாகக் கிடைத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. ''நம்ம மலத் தண்ணிதான் அது'' என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்.

எங்கள் ஜில்லாவுக்குத் தோட்ட வாழ்க்கை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கை மலைகளுக்குப் போனவர்கள் உண்டு. முதலில் காப்பித் தோட்டம். 1869-ல் தொடங்கிய இலைநோய் காப்பியை அழிக்க, பிறகு தேயிலை. அங்கே மூன்று தலைமுறை உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ. மலையை இழந்தவனுக்கு இன்னொரு மலை கொடுத்தார்கள்.

மாஞ்சோலைக்காரர்களும் கடைசியில் அதைத்தான் கேட்டார்கள். குத்தகை 2028-ல் முடியும். அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவம் கொடுத்துத் தோட்டத்தை மூடியது. தோட்டத்தை டான்டீ எடுத்து நடத்தவேண்டும் என்று போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் அந்த வருஷம் டிசம்பரில் ஏற்கவில்லை. அந்த மலை களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காடு மறுபடி காடாகவேண்டும்.

காடு வேண்டாம் என்று சொல்ல தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவனுக்கு வாய் வராது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து எங்கள் பக்கத்து வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கிற தண்ணீர் அந்தச் சோலைகளில் ஊறுவது. புலி இருந்தால் காடு, காடு இருந்தால் ஆறு என்பதெல்லாம் சரி. ஆனால் 1929-ல் அந்தக் காட்டை வெட்டியது தொழிலாளியின் யோசனை அல்ல. கொடுத்தது ஜமீன், எடுத்தது கம்பெனி, லாபமும் அங்கேயே. நூறு வருஷக் கணக்கைச் சரிசெய்யும்போது மட்டும் மூட்டையைக் கட்டவேண்டியவர் அந்த அக்கா. காட்டுக்கு நியாயம் செய்கிறவர்கள், கீழே இறங்கும் ஆளுக்குச் சொந்தமாக ஒரு சாவி கொடுத்திருக்கவேண்டாமா?

சென்ற வருஷம் அவரைப் பார்த்தேன். மணிமுத்தாறு பக்கம் வாடகை வீடு. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது படிவத்தில் கையெழுத்துப் போட்டவர். கட்டைவிரல் நகத்தோரம் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. மகள் வெளியூரில் நர்ஸ். ''அவ கூப்பிடுதா. மலையப் பாத்துக்கிட்டாவது இருக்கேன்னு இங்கயே இருந்துட்டேன்'' என்றார்.

டீ போட்டுக் கொடுத்தார். நான் டம்ளரை வாங்கியதும் சொன்னார்: ''தோட்டத்துல இருந்தவரைக்கும் மாசாமாசம் தூளு குடுப்பாவ. இப்பதான் தம்பி, மொத மொதல்ல கடைல போயி கால் கிலோ வாங்குனேன். வெலையச் சொன்னாரு பாருங்க கடைக்காரரு, ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்.''