இலங்கையில் இருந்து வந்த நண்பன்

வெளிநாட்டிலிருந்து நண்பன் வருகிறான் என்றால் திருச்சிக்காரனுக்குக் கை கால் ஓடாது. "எங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று வருஷம் முழுக்க அலுத்துக்கொண்டவன், அன்றைக்கு மட்டும் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுவான்.

வருகிறவன் கொழும்புக்காரன், தமிழன், கத்தோலிக்கன் என்று வைத்துக்கொள்வோம். தூரம் ஒன்றும் பிரமாதம் இல்லை. கொழும்பிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவனுக்கு அதைவிட நாலைந்து மடங்கு ஆகும் :-)

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரின் கதையே இலங்கையில் இருந்து வந்த ஒரு நண்பனில்தான் தொடங்குகிறது. விபீஷணன். ராமனின் பட்டாபிஷேகத்துக்கு அயோத்தி போனவன், ஊர் திரும்பும்போது ராமன் கொடுத்த ரங்கநாதரை எடுத்து வருகிறான். வழியில் காவிரிக் கரை. அனுஷ்டானம் செய்ய வேண்டும், சிலையைத் தரையில் வைக்கக் கூடாது. மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்குகிறான். பையன் கீழே வைத்துவிடுகிறான். அப்புறம் அசைக்க முடியவில்லை. விபீஷணன் துரத்த, பையன் ஓடிப்போய்ப் பாறை உச்சியில் உட்கார்ந்துகொள்ள, கோபத்தில் தலையில் ஒரு குட்டு. அந்தப் பையன்தான் உச்சிப் பிள்ளையார். பெருமாளோ இலங்கை இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்தே படுத்திருக்கிறேன் என்று விபீஷணனைச் சமாதானப்படுத்தினாராம். ஆக, திருச்சியின் இரண்டு பெரிய அடையாளங்களும் ஒரு இலங்கை விருந்தாளியின் கதை.

இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே கொழும்பு நண்பனை ஸ்ரீரங்கம் கூட்டிப் போகலாம். ராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. விஜயநகர காலத்தில் ஆரம்பித்துப் பாதியில் நின்றது, 1987-ல்தான் முடிந்தது. உள்ளே போனால் மொத்தம் ஏழு திருச்சுற்று, 21 கோபுரம். வெளிச்சுற்றுகளில் வீடு, கடை, ஆட்டோ எல்லாம் உண்டு. நண்பன் வாயைப் பிளந்து பார்ப்பான். இதுவரை சிக்கலே இல்லை.

ஆரியபடாள் வாசலில்தான் சிக்கல். அதற்கு மேல் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. தெற்கே இலங்கையைப் பார்த்துப் படுத்திருக்கிற பெருமாளை, இலங்கையிலிருந்து வந்தவன் பார்க்க முடியாது.

இதே கோயிலில்தான் துலுக்க நாச்சியார் இருக்கிறார். டில்லி சுல்தானின் மகள், பெருமாள் மேல் காதல் கொண்டு ஸ்ரீரங்கம் வரை வந்தவள் என்பது ஐதீகம். சிலை கிடையாது, ஓவியம்தான். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி படைக்கிறார்கள், கைலி கட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், 2021 டிசம்பரில் பரதநாட்டியக் கலைஞர் ஜாகிர் உசேன் இங்கே தடுக்கப்பட்டது பெரிய செய்தியானது. 2024 டிசம்பரில் அவரே இந்தப் பெருமாளுக்கு ரத்தினக் கிரீடம் காணிக்கை கொடுத்தார்.

விதி சரியா தப்பா என்று வாதாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கோயிலின் வழக்கத்தைக் காப்பது அங்கே கும்பிடுகிறவர்களின் உரிமை என்பார்கள் சிலர். பக்தியோடு வருகிறவனை எந்தக் காகிதத்தை வைத்து அளப்பது என்பார்கள் வேறு சிலர். அது பெரிய பஞ்சாயத்து. திருச்சிக்காரனுக்கு முன்னால் இருப்பது சின்னக் கேள்விதான்: கூட வந்தவனுக்கு இதை எப்போது சொல்வது?

பலரும் சொல்வதில்லை. "பேசாம வாடா, யாரு கேக்கப் போறா" என்பார்கள். நெற்றியில் ஒரு திருமண் இட்டுவிட்டால் தெரியாது என்பார்கள். உள்ளே போகிறவன் தன் பெயரை மறைத்துக்கொண்டு, பயந்துகொண்டே போக வேண்டும். விருந்தாளிக்கு அது மரியாதையா? முன்கூட்டியே சொல்லிவிட்டால் வருவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்வான். வாசலில் வைத்துத் தெரிந்துகொள்வதுதான் வலிக்கும்.

அவனை நிறுத்தாத இடங்களும் ஊரில் நிறைய. தெப்பக்குளம் பக்கத்தில் லூர்து மாதா ஆலயம். அதை ஒட்டியே, ராமேஸ்வரத்துப் பையன் அப்துல் கலாம் படித்த செயின்ட் ஜோசப் கல்லூரி. எல்லா மதத்தாரும் போய்வரும் நத்தர்வலி தர்கா. மலைக்கோட்டையில் சன்னதிகளுக்கு இதே விதி என்றாலும், நானூற்றுச் சொச்சம் படியேறி ஊரைப் பார்க்கத் தடையில்லை. வடக்கே காவிரி, அதற்கப்பால் ராஜகோபுரம் தெரியும்.

சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறை. ஒருவன் தர்ப்பணம் கொடுப்பான், பக்கத்தில் ஒருத்தி துணி துவைப்பாள். கொழும்பு நண்பன் பேண்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் காலை வைக்கலாம். ஊர்க்காரன் சும்மா நிற்காமல் தானும் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.